தாய்மரத்துக்கு வந்த நோட்டீஸ்

எங்கள் தோட்டத்து வாழை ஒரு நகல் என்றும், அதுவும் அனுமதி பெறாத நகல் என்றும், அதை உடனடியாக அழித்துவிட்டுத் தகவல் தெரிவிக்க வேண்டும் என்றும் அரசாங்க முத்திரையோடு எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அந்த வாழையை என் தகப்பனார் நட்டபோது, நோட்டீஸ் அனுப்பிய அலுவலகம் பிறக்கவில்லை. நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் பிறக்கவில்லை. அதிகாரியின் தகப்பனார் பிறந்திருந்தால் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்திருப்பார். இதை ஆத்திரத்தில் சொல்லவில்லை. ஆத்திரம் எனக்கு உண்டு. ஆனால் இது வெறும் வயசுக் கணக்கு.

என் தகப்பனார் பெயர் பாக்கியநாதன். ஏற்காட்டு மலையில் வாழவந்திக்கு மேலே இருந்த ஒரு வெள்ளைக்காரர் எஸ்டேட்டில் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் ரைட்டராக இருந்தார். ஓடைக்கரையில் காப்பி வைக்கக் காடு வெட்டியபோது அங்கே ஒரு வாழைக் கூட்டம் நின்றது. வெட்டப் போன ஆட்களை நிறுத்தி, ஒரு பழத்தை உரித்துத் தின்று பார்த்துவிட்டு, ஒரு கன்றைக் கிழங்கோடு பெயர்த்துத் தம் தோளிலேயே சுமந்து வந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் வைத்தார். ரைட்டர் ஒருவர் தோளில் மண் ஒழுகக் கன்று சுமந்து வந்ததை அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள் என்று என் தாயார் சொல்லியிருக்கிறார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. குட்டையான பழம், தடித்த தோல், தேன் மாதிரி இனிப்பு. சேலம் சந்தைக்கு பஸ் கூரையில் போட்டு அனுப்பினாலும் நசுங்காது. மலை முழுவதும் அதற்கு ரைட்டர் வாழை என்றே பெயர்.

வாழைக்கு விதை கிடையாது. அடியில் முளைக்கிற கன்றைப் பிரித்து வைக்கிறோம். கன்று என்று சொல்கிறோமே தவிர அது பிள்ளை அல்ல, அதே மரம்தான். பக்கத்து ஊர் வெள்ளக்கடையில் நிற்பதும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்பதும், என் தகப்பனார் ஓடைக்கரையில் பார்த்த அந்த ஒரே மரம் பல இடங்களில் நிற்பதுதான். இயற்கை இப்படித்தான் நெடுங்காலமாக நகலெடுத்து வருகிறது. அதற்காக அது ஒரு கட்டடம் கட்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. யார் கேட்டாலும் கன்று கொடுப்போம். காசு வாங்க மாட்டோம். கேட்பவர் தாமே நேரில் வர வேண்டும். வாசலில் நின்று, "ரைட்டர் பாக்கியநாதன் வாழையில ஒரு கன்னு குடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அந்தக் கன்று ஈன்ற முதல் தாரில் ஒரு சீப்பு, கல்லறைத் திருநாளன்று தகப்பனார் கல்லறைக்கு வர வேண்டும். இதை வீம்பு என்று சிலர் சொன்னதுண்டு. இந்த மலையில் துரைமார் பெயரில் ரோடு இருக்கிறது, பங்களா இருக்கிறது, ஒரு துரையின் நாய்க்குக் கல்வெட்டே இருக்கிறது. அந்த எஸ்டேட்டை நடத்திய என் தகப்பனாருக்குப் பெயர் என்று மிஞ்சியது ஊர்ஜனங்கள் வாயில் இருக்கும் அந்த ஒரு வாக்கியம்தான். அதைக் காப்பது என் கடமை.

எண்பத்தெட்டாம் வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் ஒரு ஜீப் வந்தது. ஏற்காட்டில் புதிதாகத் திறந்திருந்த சேர்வராயன் மலைப்பயிர் நகலாக்க மையத்தின் ஜீப். கண்ணாடி பாட்டிலுக்குள் செடி வளர்க்கிற இடம் என்பதால் ஜனங்கள் அதைப் பாட்டில் ஆபீஸ் என்பார்கள். ஜீப்பிலிருந்து இயக்குநர் இறங்கினார். டாக்டர் பொன்னுவேல். சபாரி சூட் போட்டிருந்தார். கூடவே உதவி அதிகாரி கமலா, கையில் கோப்போடு.

"ஐயா, உங்க தோட்டத்துல உயர்ரக மூலப்பொருள் ஒண்ணு இருக்குதுன்னு தகவலுங்க" என்றார் இயக்குநர்.

"அப்படி எதுவும் இல்லீங்க. காப்பி, மிளகு, வாழை. அவ்வளவுதானுங்க."

"வாழையத்தாங்க சொல்றேன். திசு வளர்ப்புக்கு ஒரு கன்னு வேணும்."

"தாராளமா எடுத்துக்கோங்க. முறைப்படி கேட்டுட்டு எடுத்துக்கோங்க." முறையைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். கமலா சிரிக்கவில்லை, கோப்பைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஆபீஸ் மூலமா எழுத்துல வருங்க."

"வாயில வரணுங்க."

"கவர்மெண்டுக்கு வாய் ஏதுங்க ஐயா?"

"அப்ப சாப்புடறது எதுலீங்க?" என்று கேட்டேன். என் மனைவி தெரசம்மாள் உள்ளேயிருந்து, "ஏனுங்க, வந்தவங்களுக்குக் காப்பி ஆறுது" என்று குரல் கொடுத்தாள். அது எனக்குச் சொன்னது. காப்பியைக் குடித்துவிட்டு, உரிய வழியில் வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

உரிய வழி ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாங்கள் பூசைக்குப் போயிருந்தோம். தோட்டத்தில் வேலையாள் முனியப்பன் மட்டும் இருந்தான். வெள்ளைக் கோட்டும் கையுறையும் அணிந்த சிலர் வந்து, அவனுக்கு ஒரு சீல் வைத்த காகிதத்தைக் காட்டினார்களாம். ஆஸ்பத்திரிக் கத்தியால் தோண்டிப் பார்த்து, கத்தி ஒடிந்த பிறகு, முனியப்பனிடமே கடப்பாரை வாங்கித் தோண்டி எடுத்துக்கொண்டு, கடப்பாரையையும் கொண்டுபோய்விட்டார்கள்.

"ஏன்டா, எங்கப்பா பேரச் சொல்லிக் கேட்டாங்களா?" என்றேன்.

"என் பேரத்தாங்க கேட்டாங்க. எழுதிக்கிட்டாங்க" என்றான்.

அடுத்த வருஷம் ஒரு விழா நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். மேடையில் ஒரு மேசை, மேசையில் ஒரு பாட்டில், பாட்டிலுக்குள் கூழ் மாதிரி ஒன்றின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் குருத்து. பாட்டிலுக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். மாலைக்குள் பாட்டில் தெரியவில்லை. சேலத்திலிருந்து வந்திருந்த பிரமுகர் மாலையை விலக்கிப் பார்த்து, "இதுல தார் எங்க?" என்று கேட்டார். "அடுத்த நிதியாண்டில்" என்றார் இயக்குநர். பிரமுகர் திருப்தியோடு உட்கார்ந்தார்.

இயக்குநர் பேசியதை எனக்கு நினைவிருக்கிற மட்டும் எழுதுகிறேன். ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை.

"இயற்கைக்கு நகலெடுக்கத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். தெரியும். ஆனால் இயற்கைக்கு இலக்கு கிடையாது. மார்ச் மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற பொறுப்பு கிடையாது. ஒரு வாழை வருஷத்துக்கு நாலைந்து கன்று விட்டுவிட்டு நிம்மதியாக நிற்கிறது. ஏன் இவ்வளவுதான் என்று இதுவரை அதை யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டோம். எங்கள் பாட்டிலில் ஒரு குருத்து பத்தாகும், பத்து நூறாகும். ஒன்றுக்கொன்று அணுவளவும் வித்தியாசம் இருக்காது. இந்த நாட்டின் பிரச்சினையே வித்தியாசம்தான். ஒரு செடியைப் போலவே இன்னொரு செடி, ஒரு விவசாயியைப் போலவே இன்னொரு விவசாயி இருந்துவிட்டால், நிர்வாகம் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்."

கைதட்டினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி தட்டினார்கள்.

"இந்தப் புதிய ரகத்துக்கு சேர்வராயன் முத்து என்று பெயர் சூட்டுகிறோம். காட்டில் அநாதையாக நின்ற ஒரு மரத்தை எங்கள் மையம் கண்டெடுத்து, இன்று அதற்கு ஒரு முகவரி தந்திருக்கிறது."

அநாதை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் எழுந்து நின்றேன். எங்கள் வீட்டில் யாரும் பொது இடத்தில் குரல் உயர்த்திப் பேசியதில்லை. நானும் உயர்த்தவில்லை.

"அது அநாதை இல்லீங்க" என்றேன். "அதுக்கு ஊடு இருக்குது. ஊட்டுக்குப் பேரும் இருக்குது. எங்கப்பா பாக்கியநாதன் ரைட்டர் தோள்ல தூக்கிட்டு வந்து வெச்ச மரங்க அது."

இயக்குநர் கமலாவைப் பார்த்தார். கமலா நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அதில் அடுத்ததாக முன்னோடி விவசாயிக்குப் பொன்னாடை என்று இருந்ததாம். நான்தான் அந்த முன்னோடி என்று நினைத்துக்கொண்டு இருவர் ஓடிவந்து என் தோளில் ஒரு ஜரிகைத் துண்டைப் போட்டு, கையைப் பிடித்துப் படம் எடுத்து, உட்கார வைத்துவிட்டார்கள். மறுநாள் பத்திரிகையில் நான் இயக்குநருக்கு நன்றி தெரிவித்ததாக வந்தது. உண்மையான முன்னோடி விவசாயி, வெள்ளக்கடைக்காரர், என்னோடு இன்றைக்கு வரை பேசுவதில்லை.

பெயரைத் திருத்தக் கோரி மையத்துக்குப் போனேன். கமலா மரியாதையான பெண். நாற்காலி போட்டார்.

"ஐயா, அந்த மூல மரம் உங்களுதுன்னு நிரூபிச்சாப் போதுங்க. மரத்துக்கு என்ன வயசுங்க?"

"இப்ப நிக்கிறது போன வருஷத்து மரம். அதோட தாய் அதுக்கு முந்தின வருஷம். கிழங்கு மட்டும் எங்கப்பா வெச்சது. அது அப்படியே தழைஞ்சு வருது."

"அப்ப இப்ப நிக்கிறது ஒரிஜினல் இல்லீங்களே."

"நீங்க எடுத்துட்டுப் போனதும் அதே கிழங்குல முளைச்சதுதானே அம்மணி?"

"ஆமாங்க. ஆனா அது எங்ககிட்ட பதிவாகியிருக்குது. பதிவானதுதாங்க ஒரிஜினல்." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார். பிறகு மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

என் தகப்பனார் என்ற ஒருவர் இருந்தார் என்பதற்கு அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். பங்குச் சாமியாரிடம் வாங்கிக் கொடுத்தேன். அதில் வாழையைப் பற்றி எதுவும் இல்லையே என்றார்கள். கோயிலில் பிள்ளைக்குத்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள், வாழைக்குக் கொடுப்பதில்லை என்று விளக்கினேன். அதை எழுத்துமூலம் சாமியாரிடம் வாங்கி வரச் சொன்னார்கள். சாமியார் கொடுத்தார். அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே அந்தக் கடிதத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்து, தற்போதுள்ள மரம் பழைய மரத்தின் உண்மை நகல் என்று ஒரு கெஜட்டட் ஆபீசர் சான்றொப்பம் இட வேண்டும் என்றார்கள். பக்கத்தில் கிடைத்த கெஜட்டட் ஆபீசர் மாட்டு டாக்டர் சின்னசாமி. எங்கள் ஊரில் பிள்ளைகளின் மார்க் ஷீட்டு முதல் எல்லாவற்றிலும் அவர் கையெழுத்துத்தான்.

"பெரியவரே, நான் அசலையும் நகலையும் பக்கத்துல வெச்சுப் பாத்துத்தான் போடணும். அசல் எங்க?" என்றார்.

"அசல் எங்கப்பா காலத்துல தார் போட்டு முடிஞ்சு போச்சுங்க."

"அப்ப நகல் எங்க?"

"இதுதானுங்க. ஆனா இதுதான் அசலுங்க."

அவர் நெற்றியைத் தடவினார். "காலைல இருந்து ஒரு எருமைக்குப் பிரசவம் பாத்துட்டு வரேன். அது எவ்வளவோ மேலு" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். பச்சை மைப் பேனாவை எடுத்து, மரத்தின் மட்டையிலேயே உண்மை நகல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். எங்கள் மரம் அரசாங்க முத்திரையோடு நின்றது. மையத்திலிருந்து பார்வையிட வருவதற்குள் மழை பெய்து மை கரைந்தது. பிறகு அந்த மட்டையும் காய்ந்து உரிந்துவிட்டது. வாழை மட்டை உரியும் என்பது மையத்தின் விதிமுறையில் இல்லை. சான்று அழிக்கப்பட்டதாகக் கோப்பில் எழுதினார்கள். அழித்தது யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்கள்.

நான் விடவில்லை. இரண்டும் ஒரே மரம்தானா என்று ஆய்வுக்கூடப் பரிசோதனை கேட்டேன். இலையை வெட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து எங்கோ அனுப்பினார்கள். பல மாதம் கழித்து ஒரு பிலிம் வந்தது. அதில் கறுப்புக் கோடுகள். இயக்குநர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இது உங்க மரம். இது எங்க பாட்டில் செடி. ஒரு கோடுகூட மாறல பாருங்க. நூத்துக்கு நூறு ஒண்ணு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இத்தனை நாளாச் சொன்னது இதைத்தானுங்க" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா. அப்ப உங்க தோட்டத்துல நிக்கிறது எங்க ரகம்." பிலிமை உறையில் போட்டார். "அனுமதி வாங்காம சேர்வராயன் முத்த வளக்கறீங்க. இது நொம்பப் பெரிய குத்தமுங்க. வயசானவருன்னு இதுவரைக்கும் நான் நடவடிக்கை எடுக்கல."

அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன நோட்டீஸ் வந்தது.

பதில் எழுதினேன். அதற்குப் பதில் வந்தது. தாய்மரம் என்று நான் உரிமை கோருவதானால், பதிவு பெற்ற மகள் செடியிடமிருந்து, அதாவது மகள் செடியின் சட்டப்படியான பாதுகாவலரான இயக்குநரிடமிருந்து, ஆட்சேபணை இல்லை என்ற சான்று பெற வேண்டும். பெற்ற தாய் தாய்தான் என்று மகள் வந்து சொல்ல வேண்டும். மகள் பாட்டிலுக்குள் இருந்தாள்.

இதற்குள் மையம் மலை முழுவதும் பாட்டில் கன்றுகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. ஒரு நிபந்தனை. ரகத்தின் தூய்மையைக் காப்பதற்காக, கன்று வாங்குகிறவர்கள் தோட்டத்தில் ஏற்கெனவே நிற்கும் ரைட்டர் வாழையைக் கிழங்கோடு தோண்டி எறிய வேண்டும். வெள்ளக்கடை சின்னத்தாயி ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் இருந்தபோது எங்களிடம் கன்று கேட்டு வாங்கியவர்கள். வருஷம் தவறாமல் சீப்பு கொண்டுவருவாள்.

"ஐயா, பழச எல்லாம் புடுங்கணுமாம். அதுவும் இதுவும் ஒண்ணுதாங்கறாங்க. ஒண்ணுன்னா எதுக்குங்க புடுங்கணும்?"

"நானும் அதத்தான் கேட்டேன் கண்ணு."

"என்னங்க சொன்னாங்க?"

"எனக்கு நோட்டீஸ் குடுத்தாங்க."

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு போய்ப் பிடுங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கன்றோடு உரமும் கொடுத்தார்கள். இலவச உரத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இந்த மலையில் யாரும் இல்லை. அந்த வருஷம் கல்லறைத் திருநாளில் என் தகப்பனார் கல்லறையின் மேல் எங்கள் வீட்டுச் சீப்பு ஒன்று மட்டும் இருந்தது. சுற்றிலும் மற்றவர்கள் கல்லறைகளில் மெழுகுவர்த்தி எரிந்தது. நான் யாரையும் பார்க்காமல் முழங்காலிட்டு எழுந்து வந்தேன்.

பாட்டில் கன்றுகள் வளர்ந்தன. முழங்கால் உயரம் வந்தன, இடுப்பு உயரம் வந்தன, அங்கேயே நின்றுவிட்டன. இலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கி, விசிறி மாதிரி விரிந்து நின்றன. பூ வரவில்லை. இலக்கை எட்டுவதற்காக ஒரே குருத்தைத் திரும்பத் திரும்ப நறுக்கி, பாட்டிலிலிருந்து பாட்டிலுக்கு, அந்தப் பாட்டிலிலிருந்து இன்னொரு பாட்டிலுக்கு என்று மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். எல்லை ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் செடி கெடும் என்பது அவர்களுக்கே தெரியும் என்று கமலா பின்னால் என்னிடம் சொன்னார். தெரிந்துதான் செய்தார்கள். மார்ச் மாதம் வந்துவிட்டதாம்.

சின்னத்தாயி மீண்டும் வந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்னு சொன்னாங்க ஐயா. சொன்ன சொல்லு தவறலீங்க. ஒண்ணுகூடத் தார் போடல."

மையம் இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் ஆய்வுக் குழு வந்து, எல்லாத் தோட்டத்திலும் செடியின் உயரத்தை அளந்து, எங்கும் வித்தியாசமே இல்லை என்று கண்டு, ஒருமைத் தன்மைக்காக மையத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தது. இயக்குநர் கேடயத்தைப் பெற்றுக்கொண்டு பேசினார். "தார் என்பது விளைவு. விளைவில் ஏற்றத்தாழ்வு வரும். ஆனால் ஒருமை என்பது கொள்கை. கொள்கையில் நாங்கள் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை."

பிறகு எனக்கு இரண்டாவது நோட்டீஸ் வந்தது. என் தோட்டத்தில் நிற்கும் மரம் சேர்வராயன் முத்து ரகத்தின் வரையறையிலிருந்து விலகியிருக்கிறதாம். குறைகளை வரிசையாக எழுதியிருந்தார்கள். உயரம் மிகை. இலைகளுக்கு இடையே இடைவெளி மிகை. தார் உள்ளது. இப்படிப்பட்ட திரிந்த மரம் பக்கத்துச் செடிகளுக்குத் தவறான முன்மாதிரி ஆகும் என்பதால் அதை அப்புறப்படுத்த ஆணையிடப்படுகிறது.

முந்தைய நோட்டீஸில் எங்கள் மரம் அவர்களுடையதைப் போலவே இருந்தது குற்றம். இதில் அவர்களுடையதைப் போல இல்லாதது குற்றம். இரண்டு நோட்டீஸையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீழே இருந்த கையெழுத்து மட்டும் ஒன்றாக இருந்தது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் சித்திரையில் வந்தார்கள். இயக்குநர், கமலா, ஒரு போலீஸ்காரர், அரிவாளோடு சில ஆட்கள். மரத்தில் முற்றின தார் தொங்கிக்கொண்டிருந்தது. தெரசம்மாள் வாசற்படியில் நின்று அழுதாள். "உள்ள போ" என்றேன். நான் நாற்காலியைக் கொண்டுவந்து மரத்துக்கு எதிரில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். என் தகப்பனார் தம் காலமெல்லாம் அதிகாரிகள் முன்னால் நின்றுகொண்டே இருந்தவர். என் வீட்டில் அவர்கள் நிற்கட்டும்.

மரத்தைத் தரையோடு வெட்டினார்கள். ஒரு சிலேட்டில் தேதி எழுதி, வெட்டின மரத்தின் மேல் சாய்த்துப் படம் எடுத்தார்கள். தாரைச் சாட்சிப் பொருள் என்று ஜீப்பில் ஏற்றினார்கள். அரிவாள்காரர்களில் ஒருவர், "ஏனுங்க சார், கிழங்கத் தோண்டலீங்களா? மறுக்கா முளைக்குமே" என்று கேட்டார்.

"ஆணையில மரம்னுதான் இருக்குது" என்றார் இயக்குநர். "தரைக்குக் கீழ இருக்கறது மண் வளப் பிரிவு. அவங்ககிட்டத் தனியா அனுமதி வாங்கணும்."

இந்த இடத்தில் வாழை எதுவும் இல்லை என்று ஒரு சான்றிதழ் எழுதி, ஒரு பிரதியை என்னிடம் கொடுத்தார். சாட்சிப் பொருள் கோப்போடு இருந்து, பழுத்து, ஊழியர்களிடையே சமமாகப் பங்கிடப்பட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மழை வந்ததும் கிழங்கு முளைத்தது. ஈட்டி மாதிரி மூன்று கன்றுகள். தெரசம்மாள்தான் முதலில் பார்த்தாள். என்னைக் கூப்பிடாமல், அங்கேயே நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறு வருஷம் மீண்டும் அந்த ஜீப் வந்தது. இயக்குநர் இளைத்திருந்தார். பாட்டில் செடிகள் முழுவதும் கெட்டுவிட்டனவாம். புதிதாகப் பெருக்க நல்ல கன்று ஒன்றுகூட மலையில் இல்லையாம், எல்லாவற்றையும் அவர்களே பிடுங்கச் சொல்லிவிட்டார்களாம். அடுத்த மார்ச்சுக்குள் நல்ல செடி காட்டாவிட்டால் மையத்தையே மூடிவிடுவார்கள் போலிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று கன்றுகளைப் பார்த்தார்.

"ஐயா, ஒரு கன்னு வேணுங்க."

"எதோட கன்னுங்க?"

"இந்த வாழையோடதுங்க."

"எந்த வாழைங்க? இங்க வாழை இல்லேன்னு நீங்க குடுத்த சான்று உள்ளார பெட்டில இருக்குது. கொண்டாரட்டுங்களா?"

அவர் கீழே பார்த்தார். கமலா ஜீப்புக்குப் பக்கத்தில் கோப்போடு நின்றார். என் மனசில் கடுமை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சின்னத்தாயி வீட்டுக் கொல்லை வெறும் தரையாகக் கிடந்தது. இவர்கள் மூலமாகவாவது ஜனங்களுக்கு நல்ல கன்று போகுமானால் தடுக்க நான் யார்? முறைப்படி கேட்டால், கேட்டவர் யாரானாலும் கொடுப்பது எங்கள் குடும்பம்.

"எப்படிக் கேக்கணும்னு உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கேன்" என்றேன்.

அவர் டிரைவரைப் பார்த்தார். கமலாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ரைட்டர் பாக்கியநாதன் வாழையில..." என்று முணுமுணுத்தார்.

"டிரைவருக்குக் கேக்கலீங்க."

"ரைட்டர் பாக்கியநாதன் வாழையில ஒரு கன்னு குடுங்க" என்றார். தெளிவாகச் சொன்னார். மேடையில் பேசிப் பழகிய குரல். தெரசம்மாள் சன்னலுக்குள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முனியப்பனைக் கூப்பிடவில்லை. நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்றில் நல்ல கன்றாகப் பார்த்து, கிழங்கில் ஒரு துண்டோடு பெயர்த்து, சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். டிரைவர் ஜீப்பின் பின்னால் வைத்தார். இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். இத்தனை வருஷம் கழித்து என் மார்பில் இருந்த பாரம் இறங்கினது போல இருந்தது.

கமலா கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "சார், எங்க கிடைச்சதுன்னு எழுதட்டுங்க?"

"பழைய மாதிரியே எழுதும்மா. காடு" என்றார் இயக்குநர், முன் சீட்டில் ஏறிக்கொண்டே. "இங்க வாழை இல்லேன்னு நாமளே சான்று குடுத்திருக்கோம். மாத்தி எழுதினா ஆடிட்ல மாட்டிக்குவோம்."

"அந்த ரைட்டர் பேரு..."

"அது அவருக்காகச் சொன்னதும்மா. பெரியவரு மனசு நோகக்கூடாதுல்ல."

கமலா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் எழுதினாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. ஜீப்பின் பின்பக்கம் போனேன். சாக்கை இரண்டு கையாலும் தூக்கித் தோளில் வைத்தேன். ஈர மண் சட்டைக்குள் ஒழுகியது.

இயக்குநர் இறங்கி ஓடிவந்தார். "ஐயா, என்னங்க இது. குடுத்தத யாராவது திருப்பி வாங்குவாங்களா?"

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் வாங்கியதில்லை.

"காடுன்னு எழுதியிருக்கீங்கல்லீங்க" என்றேன். "அங்க போயி எடுத்துக்கோங்க."

குழி இன்னும் மூடவில்லை. கன்றை அதே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளினேன். ஜீப் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. நான் திரும்பிப் பார்க்காமல் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தேன்.